இயக்கு தசை, இயங்கு தசை: சாரல் காலத்தில் ஒரு திசுப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'திசுக்களின் அமைப்பு' பாடத்தை நடத்துகிற எல்லோருக்கும் அந்த அட்டவணை தெரியும். எலும்புத்தசை, மென்தசை, இதயத்தசை என்று மூன்று கட்டங்கள். வரிகள் உண்டா, கிளைகள் உண்டா, உட்கரு ஒன்றா பலவா, நம் விருப்பப்படி இயங்குமா இயங்காதா என்று கீழே வரிசைகள். மாணவர்கள் இதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் "உன் நாக்கு எந்தத் தசை?" என்று கேட்டால் பாதி வகுப்பு மௌனமாகிவிடும். "கண் இமை?" என்று கேட்டால் சண்டையே வரும். நாம் நினைத்தும் மூடுகிறோம், நினைக்காமலும் மூடுகிறதே!

தென்காசி வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சில ஆண்டுகளாக இந்த அட்டவணையைப் பாடத்தின் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அதற்கு முன் நடப்பவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் தடை சொல்லிலேயே இருக்கிறது. நம் நூல்களிலும் வழிகாட்டிகளிலும் 'தன்னிச்சையான தசை', 'தன்னிச்சையற்ற தசை' என்று வருகிறது. 'தன் இச்சை' என்றால் தன் விருப்பம். ஆகவே விருப்பப்படி இயக்கக்கூடியது என்று நாம் பிரித்துப் பொருள் கொள்கிறோம். பிள்ளைகள் காதில் விழுவது வேறு. பேச்சு வழக்கில் 'தன்னிச்சையாக நடக்கிறது' என்றால் யாரையும் கேட்காமல் தானாக நடக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படிப் பார்த்தால் இதயம்தானே தன்னிச்சையான தசை? போதாக்குறைக்கு 'அனிச்சைச் செயல்' என்று இன்னொரு சொல் வேறு அடுத்த பாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட இந்த இடத்தில் விடையைத் தலைகீழாக எழுதுவதைத் திருத்தும்போது பார்க்கிறோம்.

பழைய பாடநூல்களில் இருந்த 'இயக்கு தசை', 'இயங்கு தசை' என்ற இணை எனக்குப் பிடித்தது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஐயா ஒருநாள் பத்து நிமிடம் என் வகுப்புக்கு வந்து இதை முடித்துக் கொடுத்தார். 'திருத்து, திருந்து; ஆட்டு, ஆடு; இயக்கு, இயங்கு' என்று கரும்பலகையில் எழுதினார். பிறவினை, தன்வினை. நான் இயக்குகிறேன், அது இயங்குகிறது. கையை நான் இயக்குகிறேன், அது இயக்கு தசை. குடல் இயங்குகிறது, அது இயங்கு தசை. ஓர் எழுத்தில் உடலியங்கியல் அடங்கிவிட்டது. அதன்பின் 'தன்னிச்சை' என்ற சொல்லைத் தேர்வுக்காகச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன்.

எங்கள் ஊரில் இந்தப் பாடத்துக்கு ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற சமயத்தில் தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிடும். சாரல் அடிக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எதிலாவது தண்ணீர் விழுந்தால் போதும், சனி ஞாயிறில் பாதி வகுப்பு அங்கேதான் இருக்கும். திங்கட்கிழமை நான் கேட்பது ஒரே கேள்வி: "அருவிக்குக் கீழே போய் நின்றவுடனே உடம்பில் என்னென்ன நடந்தது? வரிசையாகச் சொல்லுங்கள்."

பட்டியல் கொட்டும். மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுத்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தோளைக் குறுக்கிக்கொண்டேன். கம்பியை இறுக்கிப் பிடித்தேன். வெளியே வந்து காற்றில் நின்றபோது கையில் மயிர்க்கூச்செறிந்தது. உதடு நீலமாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். பல் தந்தியடித்தது. ஒரு மாணவி சொன்னாள்: "கொண்டுபோன சுக்குக் காப்பியைப் பிடிக்க முடியல டீச்சர், கை ஆடிக்கிட்டே இருந்துச்சு."

இந்தப் பட்டியலிலேயே மூன்று தசைத் திசுக்களும் இருக்கின்றன. கம்பியைப் பிடித்த கை, குறுகிய தோள் ஆகியவை எலும்புத்தசை. படபடத்தது இதயத்தசை. மயிர்க்கூச்செறிந்ததும் உதடு நிறம் மாறியதும் மென்தசையின் வேலை. ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் ஒரு சிறு மென்தசைக் கற்றை சாய்வாக ஒட்டியிருக்கிறது. குளிரில் அது சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. தோல் அங்கங்கே புள்ளியாக மேடிடுகிறது. அடர்ந்த ரோமம் உள்ள விலங்குக்கு இதனால் காற்று ரோமத்துக்குள் தங்கி வெப்பம் காக்கப்படும். நமக்கு ரோமம் குறைந்துவிட்டது, தசை மட்டும் மிச்சம். தோலுக்கு அடியில் உள்ள சிறு தமனிகளின் சுவரிலும் மென்தசைதான் வளையமாகச் சுற்றியிருக்கிறது. அது சுருங்கும்போது குழாய் குறுகி, தோலுக்கு வரும் இரத்தம் குறைகிறது. உள்ளுறுப்புகளின் வெப்பம் காக்கப்படுகிறது. உதடும் விரல் நுனியும் நிறம் மாறுவது இதனால்தான்.

இங்கே ஒரு மாணவன் எப்போதும் எழுந்து நிற்பான். "அப்போ பல் தந்தியடிச்சது எந்தத் தசை?" தாடையை அசைப்பது எலும்புத்தசை. எலும்புத்தசை நம் சொல் கேட்கும் தசை. ஆனால் குளிரில் நடுங்கும்போது 'நில்' என்றால் நிற்பதில்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் அருவிக்கே போகிறோம். மாணவர்களிடம் நான் சொல்வது: திசுவின் வகை வேறு, அதற்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பது வேறு. எலும்புத்தசைக்கு நரம்பு வழியே கட்டளை வந்தால்தான் சுருங்கும். அந்தக் கட்டளை நாம் நினைத்தும் வரலாம், நாம் நினைக்காமல் மூளையின் வேறு பகுதியிலிருந்தும் வரலாம். குளிரில் உடல் வெப்பத்தைக் கூட்ட மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி எலும்புத்தசைகளை வேகமாகச் சுருங்கி விரியச் செய்கிறது. தசை வேலை செய்தால் வெப்பம் பிறக்கும். நடுக்கம் என்பது உடல் தனக்குத்தானே மூட்டிக்கொள்ளும் அடுப்பு. இமையும் உதரவிதானமும் இப்படித்தான் இரண்டு முதலாளிகளுக்கு வேலை பார்க்கின்றன. மூச்சைச் சிறிது நேரம் அடக்கலாம். அதன்பின் மூளைத்தண்டு பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆகவே 'எலும்புத்தசை = விருப்பப்படி இயங்குவது' என்பது பெரும்பாலும் சரி, முழுவதும் சரியில்லை. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. விதிவிலக்கைச் சொன்னால் குழம்புவார்கள் என்று நாம்தான் பயப்படுகிறோம். விதிவிலக்கை முதலில் கண்டுபிடிப்பதே அவர்கள்தான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சேர்த்துவிடுவேன். திடீரென்று குளிர்ந்த நீர் உடலில் விழும்போது இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது உற்சாகம்; இதயநோய் உள்ள தாத்தாவுக்கு அது சுமை. முதலில் கை கால்களை நனைத்துவிட்டு மெல்ல உள்ளே போகச் சொல்ல வேண்டும். நெஞ்சில் இறுக்கம் என்றால் 'எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும்' என்று உட்கார வைக்கக்கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். எண்ணெய்த் தேய்ப்பு எலும்புத்தசை வலிக்கு இதம் தரும். இதயத்தசையின் வலிக்கு அங்கே வேலை இல்லை. எங்கள் ஊரில் இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இதயத்தசைக்கு நான் பயன்படுத்துவது பழைய செயல்பாடுதான், பல ஆசிரியர்கள் செய்வது. மாணவர்கள் முதலில் தங்கள் நாடித்துடிப்பை எண்ணுவார்கள். பிறகு அதே வேகத்தில், நிமிடத்துக்கு 72 முறை, உள்ளங்கையை மூடித் திறக்க வேண்டும். முதல் நிமிடம் சிரிப்பு. இரண்டாம் நிமிடம் முன்கை கடுக்கும். மூன்றாம் நிமிடத்தில் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். 72-ஐ 60-ஆலும் 24-ஆலும் பெருக்கச் சொல்வேன்: 1,03,680. ஒரு நாளில் இத்தனை முறை, ஒரு நாளும் விடுப்பில்லாமல்.

ஏன் அதற்குக் கடுக்கவில்லை? இரண்டு காரணங்களைச் சொன்னால் போதும். இதயத்தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாக்களே. ஆக்சிஜன் தொடர்ந்து வரும்வரை ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. அந்த வரத்து நின்றால் சில நிமிடங்களில் ஆபத்து என்பதும் அதே காரணத்தால்தான். இரண்டாவது, இதயம் ஓய்வெடுக்காமல் உழைப்பதாகச் சொல்வது சரியல்ல. ஒரு துடிப்பு 0.8 விநாடி என்றால் அதில் வெண்டிரிக்கிள்கள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 விநாடி, தளர்ந்திருப்பது 0.5 விநாடி. ஒவ்வொரு துடிப்புக்கு நடுவிலும் ஓய்வை வைத்துக்கொண்டிருக்கிறது. செல்கள் கிளைத்து ஒன்றோடொன்று இடைச்செருகு தட்டுகளால் இணைந்திருப்பதால் ஒரு செல்லில் எழும் தூண்டல் எல்லாவற்றுக்கும் பரவி, இதயம் ஒரே தசைபோல் சுருங்குகிறது. அட்டவணையில் 'கிளைத்தவை' என்று ஒரே சொல்லாக வருவதற்கு இவ்வளவு பொருள் இருக்கிறது.

மூத்த ஆசிரியர்கள் தவளையை அறுத்துப் பார்த்த நாட்களை நினைவு வைத்திருப்பார்கள். வெளியே எடுத்த இதயம் உப்புக்கரைசலில் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் செய்முறை இப்போது இல்லை, நல்லதுதான். ஆனால் அது காட்டிய உண்மையைச் சொல்லாமல் விடக்கூடாது: துடிப்பு இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. நரம்பு அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவே.

மென்தசைக்குப் பிரானூர் பார்டர் பரோட்டா உதவும். ஒரு துண்டு பரோட்டாவின் பயணத்தைப் படமாக வரையச் சொல்வேன். மெல்வது நம் விருப்பம். விழுங்கத் தொடங்குவதும் நம் விருப்பம். தொண்டையைத் தாண்டிய பிறகு? திரும்பக் கூப்பிட முடியாது. உணவுக்குழாயின் மேற்பகுதியில் எலும்புத்தசை, நடுவில் இரண்டும் கலந்து, கீழ்ப்பகுதியில் மென்தசை மட்டும். பொறுப்பு கைமாறும் எல்லை அங்கேயே இருக்கிறது. பார்டர் என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பு சிரித்துவிடும்; மறக்காது. தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கும் ஆட்டுக்குத் தண்ணீர் மேல்நோக்கி எப்படி ஏறுகிறது என்று கேட்டால் அலைபோன்ற சுருக்கத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இன்னொரு எல்லையைச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பையின் வாயில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்ளே இருப்பது மென்தசை. வெளியே இருப்பது எலும்புத்தசை. பை நிறைந்து விரிந்ததும் உள் வாசல் நம்மைக் கேட்காமலே தளரத் தொடங்கும். பிறகு வெளி வாசலை மட்டும்தான் குழந்தை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரலைத் தூக்கும்போது 'மணி அடிக்கட்டும்' என்று நாம் சொல்வது, அதன் ஒரு சிறு தசையிடம் கேட்கிற வேலை. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மாலைவரை அடக்கிக்கொள்வதும், அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். திசுப் பாடத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் மாணவிகள் தாங்களாகவே பேசத் தொடங்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையும் ஒரு பாடம்தான். அசைவம் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் இதை விரும்பியவர் செய்யும் வேலையாகவே வைத்திருக்கிறேன். தொடைக்கறி, குடல், இதயம் மூன்றும் ஒரே கடையில் தொங்கும். வெந்த தொடைக்கறியைப் பிய்த்தால் நூல்நூலாக வரும். குடல் அப்படி வராது. கோழித் தொடை கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. இரண்டுமே எலும்புத்தசைதான், ஆனால் நாள் முழுக்க நிற்கவும் நடக்கவும் செய்யும் காலில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் அதிகம். எப்போதாவது படபடவென்று பறக்கும் சிறகுத்தசையில் குறைவு. புறாவின் நெஞ்சுக்கறி ஏன் சிவப்பு என்ற கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம். வெந்த கறியின் ஒரு நூலை ஊசியால் நன்றாகப் பிரித்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு, ஒளியைக் குறைத்து நுண்ணோக்கியில் வைத்தால், பொறுமை இருந்தால் குறுக்கு வரிகள் தெரியும். எங்கள் நுண்ணோக்கியில் மூன்று முறைக்கு ஒருமுறை தெரிகிறது.

எங்கள் பிள்ளைகளில் பலரின் அம்மாக்கள் பீடி சுற்றுபவர்கள். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதுபோல் விரல்களை அசைத்துக்கொண்டே மறு கையால் முன்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தசைநாண்கள் கயிறுபோல் மணிக்கட்டு வழியாகப் போய் விரலை இழுக்கின்றன. கூலி ஆயிரம் பீடிக்குக் கணக்கிடப்படுகிறது. "அம்மாவுக்கு ராத்திரி மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வலிக்கும்னு சொல்லுவா, அது இதுதானா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். இதுதான்.

இனி, இந்தப் பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி. தென்காசிக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. அங்குள்ள அமர் சேவா சங்கத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981-இல், பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் ஆண்டில், சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரோடு இணைந்து சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற எஸ். சங்கரராமன் ஒரு பட்டயக் கணக்காளர்; தசைச்சிதைவு நோயுடன் சக்கர நாற்காலியில் இயங்குபவர்.

இருவரும் சக்கர நாற்காலியில். ஆனால் காரணம் ஒன்றல்ல. இதை மாணவர்களிடம் மரியாதையோடு, பரிதாபக் குரல் இல்லாமல் கேட்கிறேன்: வேறுபாடு என்ன? முதலாமவருக்குத் தசையில் நோயில்லை. கட்டளை போகும் வழியான தண்டுவடம் பாதிக்கப்பட்டது. இரண்டாமவருக்குக் கட்டளை வந்து சேர்கிறது. அதை ஏற்றுச் சுருங்க வேண்டிய திசு நலிந்திருக்கிறது. அடுத்த கேள்வி: கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு இதயம் ஏன் நிற்கவில்லை? குடல் ஏன் அசைகிறது? இங்கேதான் 'இயங்கு தசை' என்ற சொல் முழுப் பொருளோடு வருகிறது. இதயத்துக்குத் தன் துடிப்பு தனக்குள்ளேயே. குடலின் சுவருக்குள் அதற்கென்றே ஒரு நரம்பு வலை. கையும் காலும் மட்டுமே முழுக்க முழுக்க மேலிடத்துக் கட்டளையை நம்பியிருக்கின்றன. இந்த வினாவுக்குச் சரியாக விடை எழுதும் மாணவருக்கு நான் அட்டவணையைக் கேட்பதே இல்லை.

தசைச்சிதைவு நோய்களில் ஒன்றை ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டியூசென் வகை எனப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. எலும்புத்தசைச் செல்லின் சவ்வைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உருவாவதில்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தசைச் செல்கள் ஒவ்வொரு சுருக்கத்திலும் சேதமாகி, காலப்போக்கில் அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. அறிகுறிகள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குள் தெரியத் தொடங்கும். அதாவது அங்கன்வாடியிலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலும், நம் கண்முன்னால்.

ஒரு குறுவள மையக் கூட்டத்தில் ஓர் இடைநிலை ஆசிரியை தன் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். "கெண்டைக்கால் நல்லா உருண்டு திரண்டு இருக்கு, ஆனா ஓடச் சொன்னா விழுறான். தரையிலிருந்து எந்திரிக்கிறப்போ இப்படிப் பண்ணுறான்" என்று செய்தும் காட்டினார். முதலில் கவிழ்ந்து கையையும் காலையும் ஊன்றி, பின்பகுதியைத் தூக்கி, பிறகு கைகளை முழங்காலில், தொடையில் என்று படிப்படியாக ஊன்றித் தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல் நிமிர்கிறான். வீட்டில் சோம்பேறி என்று திட்டு. வகுப்பில் மெதுவாக வருகிறான் என்று கேலி. அந்த எழும் முறைக்குக் கோவர்ஸ் அறிகுறி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் கோவர்ஸின் பெயர் அது. இடுப்பு, தொடைத் தசைகள் பலவீனமாக இருப்பதைக் காட்டுகிறது. கெண்டைக்கால் பெரிதாகத் தெரிவது வலிமையால் அல்ல. தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதால். இவற்றோடு நுனிக்காலில் நடப்பது, படியில் கைப்பிடியையோ சுவரையோ பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவது, மற்றவர்களோடு ஓட முடியாமல் பின்தங்குவது ஆகியவையும் சேர்ந்தால் காத்திருக்கக்கூடாது.

நோயைக் கண்டறிவது நம் வேலையல்ல. இந்த எழும் முறை வேறு தசை பலவீனங்களிலும் வரலாம். பெற்றோரைத் தனியே அழைத்து, பிள்ளை முன்னால் அல்லாமல், பார்த்ததை மட்டும் சொல்லலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் தெரிவிக்கலாம். அவர்கள் வழியாக மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போக முடியும். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்க்கும் எளிய பரிசோதனையே மருத்துவருக்கு முதல் துப்பைக் கொடுத்துவிடும். முழுமையாகக் குணப்படுத்த வழியில்லாவிட்டாலும் இயன்முறைச் சிகிச்சையும் மருந்துகளும் நடக்கும் காலத்தை நீட்டுகின்றன. அதற்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரோபின் இதயத்தசைக்கும் தேவை என்பதால் இதயப் பரிசோதனையும் தவறாமல் வேண்டும்.

அதுவரை பள்ளியில் செய்யக்கூடியவை: உடற்கல்வி வகுப்பில் 'பயிற்சி செய்தால் பலம் வரும்' என்று தோப்புக்கரணமும் ஓட்டமும் திணிக்காமல் இருப்பது, ஏனெனில் கடும் பயிற்சி இந்தத் தசையை மேலும் சேதப்படுத்தும், தரையில் உட்காரும் வகுப்பாக இருந்தால் அவனுக்கு ஒரு நாற்காலி, அதுவும் தனியாக மூலையில் அல்லாமல் நண்பர்களுக்கு நடுவில், அவன் வகுப்பு மாடியில் இருந்தால் அந்த வகுப்பையே கீழே மாற்றுவது. அந்த ஆசிரியை கூட்டம் முடிந்த மறுநாளே பெற்றோரை அழைத்துப் பேசினார். இப்போது அந்த வகுப்பு தரைத்தளத்தில் நடக்கிறது.